இரவில் பல் கடிப்பவர்களுக்கு எந்த ஸ்பிளின்ட்?

அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூ தாளை எடுத்து மேஜைமேல் பிரித்து வைத்தார். உள்ளே கண்ணாடி நிறத்தில் ஒரு நைட் கார்டு, அதாவது தூங்கும்போது பல்லின்மேல் மாட்டிக்கொள்ளும் உறை. பல் மருத்துவர்கள் இந்த உறைகளை ஸ்பிளின்ட் என்போம். வலப்பக்கக் கோடியில், கடைவாய்ப் பல் உட்காரும் இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓட்டை. வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. "தேஞ்சே போச்சு டாக்டர். திரும்ப இதையே வாங்கட்டுமா, இல்ல நீங்க அளவெடுத்துச் செய்றதைப் போடட்டுமா? விலையில இவ்வளவு வித்தியாசம் இருக்கே" என்றார். அரசுப் பள்ளி ஆசிரியை. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர்.

ஏறக்குறைய எல்லா வாரமும் இந்தக் கேள்வி வருகிறது. எழுதிக் கேட்பவர்கள் இன்னும் குழம்பிப்போய் இருக்கிறார்கள். ஒரு டாக்டர் மெத்தென்று இருப்பதே போதும் என்றாராம். இன்னொருவர் கெட்டியானதுதான் வேண்டும் என்றாராம். மூன்றாமவர் தசையின் பலத்தைக் குறைக்கும் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னாராம். மூன்று பேருமே சரியாகச் சொல்லியிருக்கலாம். உங்கள் வாயில் காப்பாற்ற வேண்டியது எது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஸ்பிளின்ட்டும் பல் கடிப்பதை நிரந்தரமாக நிறுத்தாது. கடிப்பு பாட்டுக்கு நடக்கும், பல்லுக்குப் பதில் பிளாஸ்டிக் தேயும். "மூணு மாசம் போட்டா சரியாயிடுமா?" என்று கேட்பவர்களுக்கு இதைப் புரியவைக்காமல் நான் அளவெடுப்பதில்லை.

## தூக்கத்தில் என்ன நடக்கிறது

மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகப் பொருந்தாததால்தான் கடிக்கிறோம் என்று பல் மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினோம். பொருத்துவதற்காக நல்ல பற்களைக்கூட ராவினோம். இன்று அந்தக் கருத்து கைவிடப்பட்டுவிட்டது. இரவுக் கடிப்பு தொடங்கும் இடம் மூளை. மெல்லிய தூக்கத்தில் இருக்கும்போது, நமக்கே தெரியாமல் சில நொடிகள் மூளை விழிப்பை நோக்கி எழும்பும். இதயத் துடிப்பு கூடும். அதன் பின்னாலேயே தாடைத் தசை இறுகி நறநறவென்று ஆடும்.

மன அழுத்தத்தின் பங்கு இதில் எவ்வளவு? பகலில் விழித்திருக்கும்போது பல்லை இறுக்குவதற்கும் மன அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு தெளிவானது. 'பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்' என்று சும்மாவா சொன்னார்கள். இரவுக் கடிப்பில் அந்தத் தொடர்பு அவ்வளவு நேராக இல்லை. கவலை இருப்பவரும் கடிப்பார், நிம்மதியாகத் தூங்குபவரும் கடிப்பார். சாயங்காலத்துக்குப் பிறகு குடிக்கும் காபி, சிகரெட், மது, நெஞ்செரிச்சல், தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, சில மனச்சோர்வு மாத்திரைகள் என்று மற்ற காரணங்களும் உண்டு. எனவே "டென்ஷனைக் குறைங்க" என்ற ஒரு வரி அறிவுரையோடு யாரையும் அனுப்பிவிட முடியாது.

## எதையெல்லாம் வைத்து முடிவெடுப்பது

சேதம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட வரையறை, ஆரோக்கியமான ஒருவர் பல் கடிப்பதை நோயாகவே கருதவில்லை. அதைத் தாடைத் தசையின் ஒரு செயல்பாடு என்றது. வீட்டுக்காரர் சத்தம் கேட்கிறது என்கிறார், ஆனால் பல் தேயவில்லை, வலி இல்லை, கேப் உடையவில்லை என்றால் நீங்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல்லைக் காட்டினால் போதும். தாடை மூட்டில் 'டக்' என்ற சத்தம் மட்டும் கேட்கிறது, வலியோ வாய் திறப்பதில் தடையோ இல்லை என்றாலும் அப்படித்தான்.

சேதம் இருந்தால் எங்கே என்று பாருங்கள். பல் நுனிகள் தட்டையாகி, ஓரம் சில்லுச் சில்லாய்ப் பெயர்ந்து, கூச்சம் இருந்தால் பிரச்சினை பல்லில். கன்னத்தசையும் நெற்றிப்பொட்டும் வலித்தால் தசையில். காதுக்கு முன்னால் வலித்து வாய் திறக்கச் சிரமமாக இருந்தால் மூட்டில்.

இரண்டாவது, கடிப்பது பகலிலா இரவிலா. எழுந்தவுடன் வலி, பல் விளக்கிக் காபி குடித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் தணிகிறது என்றால் பெரும்பாலும் இரவுக் கடிப்பு. காலையில் ஒன்றுமில்லாமல் சாயங்காலம் ஏறும் வலி என்றால் பகலில் பல்லை இறுக்குகிறீர்கள். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

மூன்றாவது, குறட்டை. இதைக் கேட்காமல் யாராவது ஸ்பிளின்ட் செய்து தர முன்வந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண்ணைச் சொருகுவது ஆகியவை இருந்தால் பல் மருத்துவருக்கு முன்பு ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூக்கத்தில் மூச்சு எப்படிப் போகிறது என்று பார்க்கும் பரிசோதனை. காரணம் இருக்கிறது. தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ள 10 பேருக்கு மேல்தாடை ஸ்பிளின்ட் போட்டுப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு 2004-ல் வந்தது. அதில் 5 பேருக்கு மூச்சுத்தடை முன்பைவிட மோசமானது. பத்துப் பேரை வைத்து எல்லோருக்கும் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் முன்கூட்டியே கேட்டுவிட அதுவே போதும். இவர்களில் பலருக்கு, கீழ்த்தாடையைச் சற்று முன்னால் இழுத்துப் பிடிக்கும் வேறு வகைக் கருவி மூச்சுக்கும் கடிப்புக்கும் சேர்த்து உதவும்.

அப்புறம் செலவு. வாங்கும் விலையோடு அது நிற்காது. சரிசெய்ய எத்தனை தடவை வர வேண்டும், எத்தனை மாதம் உழைக்கும், நடுவில் பல்லில் வேறு வேலை செய்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் விலை. கடைசியாக ஒன்று: பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா?

## வெந்நீரில் போட்டுக் கடிக்கும் கார்டு

மெடிக்கல் ஷாப்பிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது. வெந்நீரில் இளக்கி, வாயில் வைத்துக் கடித்து, நாமே வடிவம் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

இதை மட்டமாகப் பேச மாட்டேன். அடுத்த வாரம் தேர்வு, நேற்று ஒரு பல் ஓரம் பெயர்ந்துவிட்டது, டாக்டரைப் பார்க்கப் பத்து நாளாகும் என்றால் இது கை கொடுக்கும். வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டு தூங்க முடியுமா என்று தெரியாதவர்கள் ஒத்திகை பார்க்கவும் இது நல்லது. ஆயிரக்கணக்கில் கொடுத்துச் செய்த ஸ்பிளின்ட் மூன்றாம் நாளே டப்பாவுக்குள் போய்விடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

ஆனால் வாங்கிய அன்று தெரியாத செலவுகள் இதில் உண்டு. தடிமனாக இருப்பதால் உதடு மூடாது, எச்சில் ஊறும். ஈறில் உரசும். கழன்று தொண்டைப் பக்கம் போகிற அளவுக்குத் தளர்வாக இருந்தால் போடவே கூடாது. பலமாகக் கடிப்பவர்கள் சில மாதங்களில் ஓட்டை போட்டுவிடுவார்கள். ஆசிரியை அம்மாவுக்கு ஐந்து மாதத்தில் நடந்தது அதுதான். வருடத்துக்கு மூன்று வாங்கினால் மலிவு என்ற பேச்சே அடிபட்டுப் போகிறது. கடைவாய்ப் பற்களை மூடாத சின்ன அளவுக் கார்டுகளும் கடையில் இருக்கின்றன. நெடுநாள் போட்டால் மூடாமல் விட்ட பற்கள் மெதுவாக இடம் மாறும். ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் இதில் ஓட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

## அளவெடுத்துச் செய்த மென்மையான ஸ்பிளின்ட்

டாக்டர் பல்லுக்கு அளவெடுத்து, பிளாஸ்டர் அச்சின்மேல் ரப்பர் போன்ற தகட்டைச் சூடாக்கி உறிஞ்சிப் பிடித்துச் செய்வது. ஓரிரு நாளில் கைக்கு வந்துவிடும். சில ஆயிரம் ரூபாய். மெத்தென்று இருப்பதால் முதல் இரவிலிருந்தே போட்டுத் தூங்க முடியும். இவ்வளவும் நல்லதுதான்.

ஆனால் மெத்தென்று எதையாவது வாயில் வைத்தால் அதை மென்றுகொண்டே இருக்கத் தோன்றும். சூயிங்கம் கதைதான். 1987-ல் வந்த, இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஓர் ஆய்வில் 10 பேருக்கு இரண்டு வகையையும் மாற்றி மாற்றிப் போட்டு இரவில் தசையின் வேலையை அளந்தார்கள். கடின ஸ்பிளின்ட் போட்டபோது 8 பேருக்குத் தசை வேலை குறைந்தது. மென்மையானதில் குறைந்தது ஒருவருக்குத்தான், 5 பேருக்குக் கூடியிருந்தது. இதுவும் சின்ன ஆய்வுதான். எல்லோருக்கும் அப்படி ஆகாது. ஆனால் மென்மையானதைப் போட ஆரம்பித்த பிறகு கன்னத்தசை இன்னும் வலிக்கிறது என்று சொல்பவர்களை நானும் பார்க்கிறேன். அவர்களிடம் "பழகிடும்" என்று சொல்லித் தொடரவைப்பது தவறு.

இன்னொரு குறை, இதை ராவிச் சரிசெய்ய முடியாது. ஒரு பக்கம் முதலில் தட்டினால் தட்டியதுதான்.

லேசாகக் கடிப்பவர், தசைவலி இல்லாதவர், பரீட்சை, கல்யாணம், வீடு மாற்றுவது மாதிரி குறிப்பிட்ட ஒரு நெருக்கடிக் காலத்தைத் தாண்ட வேண்டியவர் ஆகியோருக்கு இது போதும். உள்ளே மெத்தென்றும் வெளியே கெட்டியாகவும் இரண்டு அடுக்கில் ஒரு வகை இருக்கிறது. கடினமானதைப் பல்லில் தாங்க முடியாதவர்களுக்கு அது நடுவழி.

## அளவெடுத்துச் செய்த கடின ஸ்பிளின்ட்

பல் உண்மையிலேயே தேய்ந்துகொண்டிருந்தால் நான் கைவைப்பது இதில்தான். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி அதன் பெயராலேயே மிச்சிகன் ஸ்பிளின்ட் என்று வழங்குவது இதன் முன்மாதிரி. கெட்டியான அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆனது. மேல்தாடைப் பற்கள் எல்லாவற்றையும் மூடும். வாந்தி உணர்வு அதிகம் உள்ளவர்களுக்குக் கீழ்த்தாடையில் செய்வோம்.

இதன் மதிப்பு பிளாஸ்டிக்கில் இல்லை, பொருத்திச் சரிசெய்யும் அந்த அரைமணி முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது. நோயாளி ஸ்பிளின்ட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவார். பற்களுக்கு நடுவே மெல்லிய நீலத் தாளை வைத்து "தட்டுங்க, தட்டுங்க" என்போம். எடுத்துப் பார்த்தால் அக்ரிலிக்கில் நீலப் புள்ளிகள் இருக்கும். வலப்பக்கம் ஆறு, இடப்பக்கம் இரண்டு என்று இருந்தால் வலப்பக்கத்தை மயிரிழை ராவ வேண்டும். மறுபடி தாள், மறுபடி தட்டல், மறுபடி ராவல். கீழ்ப் பல் ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் ஒரே அழுத்தத்தில் ஒரு புள்ளி வைக்கும் வரைக்கும் இது நடக்கும். அடுத்து தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தச் சொல்வோம். அப்போது கோரைப்பல் மட்டும் கோடு இழுக்க வேண்டும், கடைவாய்ப் பற்கள் விலகிவிட வேண்டும்.

வேலை இத்தோடு முடிவதில்லை. ஒன்றிரண்டு வாரம் போட்டதும் இறுகிக் கிடந்த தசை தளரும். தாடை உட்காரும் இடம் சற்று மாறும். முதல் நாள் வைத்த புள்ளிகள் எல்லாம் தள்ளிப்போயிருக்கும். திரும்பச் சரிசெய்ய வேண்டும். லேபிலிருந்து வந்ததை அப்படியே கையில் கொடுத்து "வச்சுக்கோங்க" என்று அனுப்பினால் விலை உயர்ந்த ஒரு பிளாஸ்டிக் துண்டுதான் உங்களுக்கு மிஞ்சும். எனவே விலையை விசாரிக்கும்போதே "சரிசெய்ய எத்தனை தடவை வரணும், அதுக்குத் தனியா கட்டணம் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமல் இரண்டு இடத்து விலையை ஒப்பிட முடியாது.

கவனிக்க வேண்டிய செலவு இன்னொன்றும் உண்டு. கேப் போட வேண்டிய பல், அடைக்க வேண்டிய சொத்தை எல்லாம் இருந்தால் அவற்றை முதலில் முடியுங்கள். ஸ்பிளின்ட் செய்த பிறகு ஒரு பல்லின் வடிவம் மாறினாலும் அது உட்காராது. பல் கிளிப் போட்டிருப்பவர்களுக்கு, பற்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால், இப்போதைக்கு இது சரிவராது.

நன்றாகச் செய்து ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் சில ஆண்டுகள் உழைக்கும். வெந்நீர் ஆகாது, வளைந்துவிடும். பச்சைத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவி டப்பாவில் வைத்தால் போதும். டிஷ்யூ தாளில் சுற்றி வைக்காதீர்கள். குப்பை என்று நினைத்து யாராவது எறிந்துவிடுவார்கள்.

வலிக்காக மட்டும் இதை வாங்குபவர்களிடம் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தாடை வலிக்கு ஸ்பிளின்ட் எந்த அளவு உதவுகிறது என்று பிரிட்டனில் பல ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலித்து 2020-ல் வெளியிட்டார்கள். ஸ்பிளின்ட் போட்டவர்களுக்குப் போடாதவர்களைவிட வலி குறைந்தது என்று காட்டும் சான்று அதில் கிடைக்கவில்லை. தனிப்பட்ட முறையில் சிலருக்கு நல்ல நிவாரணம் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் முன்கூட்டி வாக்குக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. பல்லைக் காப்பாற்ற என்றால் தைரியமாகச் செலவழியுங்கள். வலிக்கு என்றால், கீழே சொல்லும் எளிய வழிகளை முதலில் ஆறு வாரம் முயன்று பாருங்கள்.

செலவு கட்டுப்படியாகாதவர்கள் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் கேட்டுப் பார்க்கலாம். நடை அதிகம் ஆகும். ஆனால் மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் நிதானமாக வேலை செய்வார்கள்.

## முன்பல்லை மட்டும் மூடும் சின்ன ஸ்பிளின்ட்

முன்பற்கள் மட்டும் தொட்டால் பலமாகக் கடிக்க முடியாது என்ற அடிப்படையில் செய்வது. தசைவலி சிலருக்குச் சீக்கிரம் குறையும். ஆனால் பின்பற்கள் எதையும் தொடாமல் இருப்பதால் நாளடைவில் கடி மாறி முன்பற்கள் சேராமல் போகும் ஆபத்து இருக்கிறது. அளவில் சிறியது என்பதால் தூக்கத்தில் விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. டாக்டர் நேரடியாகக் கவனிக்கும் குறுகிய காலத்துக்கு மட்டும் சரி. ஆன்லைனில் வாங்கிப் போட வேண்டாம்.

## போடாக்ஸ் ஊசி

கன்னத்தின் மெல்லும் தசையில் போடுவது. தசையின் பலம் குறையும். மூளை அனுப்பும் உத்தரவு குறையாது, எனவே கடிப்பு நடக்கும், அழுத்தம்தான் குறைந்திருக்கும். மூன்று நான்கு மாதத்தில் தேய்ந்துபோகும், திரும்பப் போட வேண்டும். ஒரு தடவைக்கே பெரும்பாலும் கடின ஸ்பிளின்ட்டைவிட அதிகச் செலவாகும். சில வாரங்களுக்கு முறுக்கு, கறி மெல்லச் சிரமமாக இருக்கும். சிரிப்பு கோணலாவதும் உண்டு. திரும்பத் திரும்பப் போட்டால் தாடை எலும்பின் அடர்த்தி குறையுமோ என்ற கவலையை ஆய்வாளர்கள் எழுப்பியிருக்கிறார்கள்.

தசை புடைத்துப்போய், மற்றதெல்லாம் செய்து பார்த்தும் வலி தீராதவர்களுக்கு இது ஒரு வழி. முகம் ஒல்லியாகும் என்று சேர்த்துச் சொல்லி விற்கிறார்கள் என்பதற்காக முதலிலேயே இதற்குப் போகாதீர்கள்.

## ஸ்பிளின்ட் இல்லாத வழி

பகலில் பல்லை இறுக்குபவர்களுக்கு இரவு ஸ்பிளின்ட் எதற்கு? அவர்களுக்கு வேண்டியது நினைவூட்டல். வாய் மூடியிருக்கும்போதும் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக்கூடாது, நடுவே சிறு இடைவெளி இருக்க வேண்டும், நாக்கு மேலண்ணத்தில் சாய்ந்திருக்க வேண்டும். சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தொட்டால் போதும். இது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கிறது. பல்லைச் சேர்த்து வைத்திருப்பதுதான் இயல்பு என்று இவ்வளவு நாள் நினைத்திருக்கிறார்கள்.

நான் சொல்லும் வைத்தியம் ஸ்டிக்கர் பொட்டு. செல்போனின் பின்பக்கம், கம்ப்யூட்டர் திரையின் ஓரம், வண்டியின் ஸ்பீடோமீட்டர் பக்கத்தில், சமையலறை ஜன்னலில் என்று நாலைந்து ஒட்டிவிடுங்கள். கண்ணில் படும்போதெல்லாம் பல்லைப் பிரித்துத் தோளைத் தளர்த்துங்கள். அதோடு வெதுவெதுப்பான ஒத்தடம், கன்னத்தசையை விரலால் வட்டமாகத் தேய்ப்பது, வலி இருக்கும் வாரங்களில் சூயிங்கமும் கடினமான பண்டமும் விலக்குவது, தேவைப்பட்டால் பிசியோதெரபி. மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். கவலை தூக்கத்தையே கெடுக்கிறது என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸெடின் போன்ற மாத்திரை தொடங்கிய பிறகு கடிப்பு ஆரம்பித்ததா? எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, அது பல் தேய்வதைவிடப் பெரிய ஆபத்து.

இந்த வழிக்கும் ஒரு மறைமுகச் செலவு உண்டு, காலம். நீங்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கும்போதே இரவில் பல் தேய்ந்தால் எனாமல் திரும்ப வளராது. அதனால் தேய்மானம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டவர்கள் இதையும் கடின ஸ்பிளின்ட்டையும் சேர்த்தே தொடங்க வேண்டும்.

குழந்தைகளைப் பற்றி நிறையப் பேர் கேட்பதால் ஒரு வார்த்தை. வயிற்றில் பூச்சி இருந்தால் பல் கடிக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. பால்பல் வயதில் கடிப்பது மிகச் சாதாரணம், பெரும்பாலும் தானாக நின்றுவிடும். வளரும் தாடைக்கு ஸ்பிளின்ட் போட மாட்டோம். குறட்டை இருந்தாலோ வாயைத் திறந்துகொண்டு தூங்கினாலோ மட்டும் குழந்தையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

## ஆசிரியை அம்மா எதை எடுத்தார்

குறட்டை இல்லை என்று வீட்டுக்காரரிடம் போனில் கேட்டே உறுதி செய்தோம். கீழ் முன்பற்களின் நுனியில் எனாமல் தேய்ந்து நடுவே மஞ்சள் கோடு தெரிந்தது. ஒரு கடைவாய்ப் பல்லில் கேப் வேலை பாதியில் நின்றிருந்தது. எனவே கேப்பை முடித்துவிட்டு மேல்தாடைக்குக் கடின ஸ்பிளின்ட் செய்தோம். பகலிலும் இறுக்குகிறார் என்பது பேசிக்கொண்டிருக்கும்போதே தெரிந்தது. விடைத்தாள் திருத்துவதைப் பற்றிச் சொல்லும்போது அவர் கன்னத்தில் தசை குதித்தது. மதிப்பெண் பதிவேட்டின் அட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிக்கொள்ளச் சொன்னேன்.

பொதுத்தேர்வு முடிந்து ஏப்ரலில் வந்தார். காலை வலி ஓரளவு குறைந்திருக்கிறது, போகவில்லை என்றார். ஸ்பிளின்ட்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மங்கலான அக்ரிலிக்கில், வலப்பக்கம் மட்டும், கண்ணாடி போலப் பளபளவென்று ஒரு தடம் விழுந்திருந்தது. இடப்பக்கம் அவ்வளவாக ஒன்றும் இல்லை. அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு நீலத் தாளை எடுத்தேன்.